வராதவர்களுக்குப் போட்ட இலை

வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய்த் தங்கி வருகிற குடும்பம் எங்களுடையது. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் ஊட்டியா, ஏற்காடா என்பார்கள். திருக்கழுக்குன்றம் என்றதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். டவுன் பஸ்ஸில் போய் இறங்குகிற ஊருக்கு யாராவது சீசனுக்குப் போய்த் தங்குவார்களா? நாங்கள் தங்கினோம். அந்த மலையில் ஏறக்கூட மாட்டோம். அடிவாரத்தில் ஒரு பழைய விடுதி உண்டு. அங்கே போய்ப் படுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டு வருவோம்.

இதை ஆரம்பித்து வைத்தவன் என் அண்ணன். அவன் கால் டாக்சி ஓட்டினான். மார்கழி வந்தால் கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போவான். எங்களுக்குச் சொந்த ஊர் கருங்குழிப் பக்கம். பறவை எங்களுக்குப் புதிதில்லை. அதைப் பார்க்க ஒருத்தர் கழுத்து வலிக்கிற அளவுக்குக் காமிராவை மாட்டிக்கொண்டு விடிகாலையில் வந்து நிற்பதுதான் வேடிக்கை. அப்படி வந்தவர்களில் சிலர் திரும்புகிற வழியில் இந்த விடுதியில் தங்குவார்கள். அவர்கள் உள்ளே தேக்குக் கட்டிலில் படுப்பார்கள். அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில், காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுப்பான்.

ஒருநாள் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பெரிய வீடுகளின் பின்கதவுதான் எங்களுக்குத் தெரியும். "நானும் அந்தக் கட்டில்ல ஒரு நாளு படுத்துக் காட்டறேன் பாரு," என்று வீட்டுக்கு வந்து சபதம் போட்டான்.

கல்யாணமான முதல் மார்கழியிலேயே போனான். அண்ணி, அவன், ஒட்டிக்கொண்டு நான். புதுப் பெண்டாட்டியோடு ஊர் சுற்றப் போகும்போது தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு போனவன் உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும். அண்ணிதான் "பாப்பாவும் வரட்டும், தனியா வுட்டுட்டு எப்படி?" என்றாள். காரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனோம். "கார்ல போனா டிரைவரு வேப்பமரத்தாண்ட போன்னுவானுங்க. பஸ்ல போனாதான் கெஸ்ட்டு," என்றான். அன்றைக்கு அந்த விடுதியின் முன்கதவு வழியாக அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

தெருக்கோடியில், மலை நிழல் விழுகிற இடத்தில் இருந்தது விடுதி. யாரோ ஒரு வெள்ளைக்காரர் மத்தியானக் கழுகைப் பார்ப்பதற்கென்றே கட்டியது என்பார்கள். உயரமான கூரை, தேக்கு உத்தரம், கால் வைத்தால் முனகுகிற மரப்படி. கூடத்து நிலைக்கண்ணாடியில் ரசம் உதிர்ந்து நம் முகம் பொத்தல் பொத்தலாகத் தெரியும். செங்கல்பட்டு பாய் ஒருவருக்குச் சொந்தம். அவர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். சமைப்பது, பெருக்குவது, சாவி கொடுப்பது எல்லாம் அங்கேயே தங்கியிருந்த ஒரு சமையற்கார அக்காதான்.

அந்த மலையின் கதை ஊரறிந்தது. தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வரும், பாறையில் வைக்கிற சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். அவை வராமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மலையில் நின்றுபோனது விடுதியில் நிற்கவில்லை. மொட்டைமாடியில், மலைப் பக்கத்துக் கைப்பிடிச்சுவரை ஒட்டி ஒரு கருங்கல் பலகை. உச்சி வேளையில் அக்கா அதில் ஒரு இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைப்பார். பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார். மலை அதைத் திருப்பித் தட்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிடுவார். அதற்கப்புறம்தான் கீழே தங்கியிருக்கிறவர்களுக்குச் சாப்பாடு.

"வராத கழுகுக்கு எதுக்குக்கா பொங்கலு?" என்று அண்ணன் முதல் நாளே கேட்டான்.

"பாயோட அப்பா வாங்கறதுக்கு முன்னாலேர்ந்தே வெச்சிகினுதான் கீறாங்க. நிறுத்தினா இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியாது. உனுக்குத் தெரியுமா?" என்றார் அக்கா.

நாங்கள் சாப்பிட்டது மாடித் தாழ்வாரத்தில். மலைக்காற்று இலையைத் தூக்கும். அண்ணன் சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன்னைப் பார்த்து மடித்து, பூந்தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தான். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த பழக்கம். வயலில் கல் வைக்காவிட்டால் எச்சில் இலை பறந்து அடுத்தவர் சோற்றில் விழும். கல்யாண மண்டபத்தில்கூட அவன் கல் தேடுவான், நாங்கள் மானம் போகிறது என்று அவனை இழுத்துக்கொண்டு வருவோம். இலையைத் தன்னைப் பார்த்து மடித்தால் உறவு வேண்டும், மறுபடி வருவேன் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில் மட்டும். அந்த வீட்டில் அந்தச் சாப்பாடு இன்னொரு தரம் வேண்டாம் என்று.

இப்படி நாலைந்து மார்கழி போனது. நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கேளம்பாக்கத்திலேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையும் கிடைத்தது. ஆனாலும் மார்கழியில் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போவேன். என் புருஷன், "அண்ணன் பொண்டாட்டியோட போறான், நீ எதுக்குக் கரடி மாதிரி?" என்பார். கரடி இல்லாவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது என்பேன்.

அந்த வருஷம் மழை விட்டும் விடாமலும் இருந்தது. மத்தியானம் அக்கா மாடியில் பொங்கல் வைத்துவிட்டு வந்தார். எங்களுக்கு இலை போட்டாயிற்று, அண்ணனைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"எங்கண்ணா போன?"

"கழுகு வரல. நான் துன்ட்டேன்," என்றான்.

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "அது உனுக்கு வெச்சது இல்ல அண்ணாத்த."

"வராதவனுக்கு வெச்ச சோத்த வந்தவன் துன்னா இன்னாக்கா தப்பு? சோறு வீணாப் போவலாமா?"

அவன் கிண்டல் பாதி, நிஜம் பாதியாகத்தான் சொன்னான். களத்தில் உதிர்ந்த நெல்லைப் பொறுக்கி எங்களை வளர்த்தாள் அம்மா. சோறு வீணாவதை எங்கள் வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. காக்கைக்கு வைத்ததைக் காக்கை தொடாமல் நாங்களும் தொட மாட்டோம்தான். ஆனால் வரவே வராத பறவைக்கு வைக்கிற நெய்ப் பொங்கலை நாலைந்து வருஷம் பொறுத்துக்கொண்டதே அவனுக்குப் பெரிசு. அக்கா திட்டவில்லை. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மடிச்சி கல்லு வேற வெச்சிக்கீது," என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் நாஸ்தா முடித்ததும் அண்ணன் பஸ் ஏறி மாமல்லபுரம் போனான். "கடல்ல ஒரு முழுக்குப் போட்டு, மீனு வாங்கினு வரேன். மத்தியானத்துக்கு எலை போட்டு வையி," என்று அண்ணியிடம் சொன்னான். நெத்திலி வேண்டாம், வஞ்சிரம் கிடைத்தால் வாங்கு என்று அண்ணி மாடியிலிருந்து கத்தினாள். தெருமுனையில் கையைத் தூக்கி ஆட்டினான். நாங்கள் அவனைப் பார்த்தது அதுதான் கடைசி.

இலை போட்டு வைத்தோம். சோறு ஆறிப்போய் எறும்பு ஏறியது. சாயங்காலம் போலீசோடு போய்த் தேடினோம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி ஆள் போகாத கரையில் அவன் சட்டை இருந்தது. அழகாக மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தான். பக்கத்தில் செருப்பு. சட்டைப் பையில் போன், அதில் அண்ணியின் மிஸ்டு கால்கள். மீனவர்கள் போட்டில் போய்த் தேடினார்கள். எடுத்ததைக் கடல் எப்படியும் திருப்பிக் கொடுத்துவிடும் என்று குப்பத்தில் சொன்னார்கள். எங்களுக்குக் கொடுக்கவில்லை.

உடம்பு கிடைக்காத சாவுக்கு ஊரில் ஆளுக்கொரு கதை. கடன் இருந்திருக்கும், ஓடிவிட்டான் என்றார்கள். வேறு ஒருத்தியோடு பெங்களூரில் பார்த்ததாகச் சொன்ன ஒரு சித்தப்பாவை நான் செருப்பைக் கழற்றாத குறையாக விரட்டினேன். அம்மா அழுது அழுது, கருமாதியாவது பண்ணிவிடலாம் என்ற இடத்துக்கு வந்தாள். அண்ணி மட்டும் வரவில்லை. "எலை போட்டு வையின்னு சொல்லிட்டுப் போனாரு. வராதவரு அப்படிச் சொல்லமாட்டாரு," என்றாள். தாலி கழுத்தில், பொட்டு நெற்றியில்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கேளம்பாக்கத்தில் அவர்கள் குடியிருந்த இரண்டாவது மாடி வீட்டில் அவள் தனியாகவே இருந்தாள். கதவைச் சும்மா சாத்தி வைப்பாள், தாழ் போட மாட்டாள். "அவரு சாவி எடுத்துகினு போவல பாப்பா. தட்டித் தட்டிப் பாத்துட்டு, நான் தூங்கிட்டேன்னு திரும்பிப் போயிட்டா?" என்று கேட்பாள். பகலில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை, ராத்திரியில் திறந்த கதவு. ஒருமுறை எவனோ புகுந்து குக்கரையும் போனையும் தூக்கிக்கொண்டு போனான். அப்போதும் தாழ் போடவில்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒருநாள் எவனாவது உள்ளே வந்து இவளை ஏதாவது செய்துவிடப்போகிறான் என்ற பயத்தில் எனக்குத் தூக்கம் போனது.

அடுத்த மார்கழியில், "வா பாப்பா, சீசனுக்குப் போவலாம்," என்றாள். தனியாக அனுப்ப மனசு வராமல் கூடப் போனேன். மாமல்லபுரம் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். கடலைப் பார்க்க வேண்டாம் என்று வண்டலூர், செங்கல்பட்டு என்று சுற்றிக்கொண்டு போனோம். அதே அறை, அதே ஜன்னல், அதே மலை.

உச்சி வேளையில் அக்கா மேலே போய்த் தாம்பாளத்தைத் தட்டினார். மூன்று தட்டு. மலை திருப்பித் தட்டியது. எல்லாம் அடங்கியபிறகு மலையிலிருந்து இன்னொரு தட்டு கேட்டது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இறங்கி வந்து எங்களுக்குப் பரிமாற ஆரம்பித்தார். மூன்று பேரும் தாழ்வாரத்தில்தான் இருந்தோம். விடுதியில் வேறு யாரும் தங்கியிருக்கவில்லை.

சாப்பிட்டபிறகு மேலே போனோம். அதுவரை நான் பார்த்த வருஷங்களில் அந்த இலையைக் காக்கையும் அணிலும் கிழித்துப் போட்டிருக்கும், பொங்கல் இறைந்து கிடக்கும். அன்றைக்கு இலை மடிந்திருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் சுவர், உட்கார இந்தப் பக்கம்தான் இடம். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தன்னைப் பார்த்து மடிக்கிற மாதிரி, எங்களைப் பார்த்து மடிந்திருந்தது. மேலே ஒரு கல். பிரித்துப் பார்த்தால் ஒரு பருக்கை இல்லை. பலகையைச் சுற்றிக் கொஞ்சம் மணல். வெள்ளை மணல், காலில் ஒட்டுகிற கடல் மணல்.

அண்ணி அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு எல்லா வலிக்கும் ஒரு மாத்திரை தெரியும். எனக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். அக்காவைச் சந்தேகப்பட்டேன், ஆனால் அவர் எங்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். குரங்கு என்று நினைத்தேன். குரங்கு தின்னும், இலையை மடித்துக் கல் வைக்குமா? மணல் மட்டும் மாமல்லபுரம் போய்விட்டு வந்து தங்குகிறவர்களின் காலோடு வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிளம்பும்போது அண்ணி சமையற்கட்டுக்குப் போய், "வரோம்க்கா," என்று இரண்டு தரம் சொன்னாள். ஒரு தரம் சொன்னால் போதாதா என்று கேட்டேன். "நல்லா சொல்லிகினு வரணும். சொல்லிக்காம போறதுக்கு இது இன்னா சாவு வூடா?" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்கழியும் அப்படித்தான். இலை எங்களைப் பார்த்து மடிந்திருக்கும், மேலே கல் இருக்கும். அண்ணி அதைப் பார்த்துவிட்டு வந்து அடுத்த ஒரு வருஷத்துக்குக் கதவைத் திறந்து வைப்பாள்.

ஒரு வருஷம் நான் துணிந்து பார்த்தேன். தலைவலி, சாப்பாடு பிறகு என்று சொல்லிவிட்டு, அக்கா இறங்கியதும் மேலே போய் மாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. உச்சி வெயிலில் வெளியே நிற்காதே என்று அம்மா சின்ன வயசில் அதட்டுவாள். எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. மலைப் படிகளில் கத்திக்கொண்டிருந்த குரங்குகள் ஒரே சமயத்தில் நிறுத்தின. தெருவில் போன பைக் சத்தம் பாதியில் அறுந்த மாதிரி நின்றது. பொங்கல் நெய் மினுங்க அப்படியே இருந்தது. ஒரு காக்கைகூட வரவில்லை.

அப்போது மாடித் தரையில் ஒரு நிழல் வந்தது. பெரிய நிழல், இறக்கை விரித்த நிழல். வட்டமடித்துக்கொண்டே பலகைக்குப் பக்கத்தில் வந்தது. நான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தேன். சுத்தமான நீலம். ஒன்றுமே பறக்கவில்லை. திரும்பக் கீழே பார்த்தபோது இலை மடிந்து, மேலே கல் இருந்தது. நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. கடைசிப் படியில் முழங்கால் அடிபட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் கதவோடு ஜன்னலையும் திறந்து வைப்பாள்.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரம்மா எங்கள் கடைக்கு வந்தார். ஒரு வாரம் முன்பு குடிகாரன் ஒருவன் அண்ணியின் கூடத்தில் வந்து நின்று குரல் கொடுத்திருக்கிறான். இவள் சமையலறையிலிருந்து, "வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்திருக்கிறாள். அவன் கையைப் பிடித்ததும் கத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டார் ஓடிவந்து அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னிடம் இதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. அன்று சாயங்காலமே போய்ச் சண்டை போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குரலு அவரு குரலு மாதிரியே இருந்துது பாப்பா," என்றாள்.

அப்போதுதான் முடிவு பண்ணினேன். இந்த வருஷம் அந்த இலையை நானே மடிப்பேன். எதிர்ப்பக்கமாக, மலையைப் பார்த்து, சாவு வீட்டு இலை மாதிரி. அவள் நம்புவது அந்த இலை ஒன்றைத்தான். அதுவே சொன்னால் கேட்பாள், தாழ் போடுவாள். பொய்தான். உயிரைக் காப்பாற்றுகிற மாத்திரை கசக்கிறதே என்று கொடுக்காமல் இருப்போமா?

போனோம். விடுதிக்குப் பின்னால் துணி காயப்போடப் போவதற்கு ஒரு இரும்பு ஏணிப்படி உண்டு. உச்சி வேளைக்கு முன்பே அதன் அடியில் போய் நின்றுகொண்டேன். பூந்தொட்டியிலிருந்து பொறுக்கிய கல் என் கையில் இருந்தது. மேலே அக்கா தாம்பாளத்தைத் தட்டுவது கேட்டது. மூன்று தட்டு. மலை திருப்பித் தட்டவில்லை. அக்கா இன்னும் ஒரு தரம் தட்டினார். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மரப்படியில் அவர் இறங்குகிற முனகல் கேட்டது. கடைசிப் படியின் சத்தம் அடங்குவதற்குள் நான் ஏணியில் ஏறி மாடிக்கு வந்துவிட்டேன்.

இலை மடிந்திருந்தது.

மலையைப் பார்த்து மடிந்திருந்தது. எதிர்ப்பக்கமாக. மேலே கல் இருந்தது. கல் ஈரமாக இருந்தது. அதைச் சுற்றி மணல், அந்த மணலும் ஈரம். என் கல் என் கையிலேயே இருந்தது. நான் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் செய்ய வந்ததை யாரோ செய்துவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? கையிலிருந்த கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் மரப்படி முனகியது. அண்ணி. மலை பதில் சொல்லாததைக் கேட்டு மேலே வந்திருக்கிறாள். இலையைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள்.

"நீ பண்ணியா பாப்பா?"

ஒரு வார்த்தை போதும். நான்தான் என்று சொல்லிவிட்டால் அவள் என்னை நாலு அறை அறைந்துவிட்டு, கீழே போய்ச் சாப்பிடுவாள். அண்ணன் எங்கேயோ இருப்பான். அடுத்த மார்கழியில் இலை எங்களைப் பார்த்து மடியும். இல்லை என்றால் அவன் செத்துப்போவான், என் வாயால். அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் அவளைப் பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டே நானும் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பொய்யாக மடிக்க வந்ததே, அது பொய் என்ற தைரியத்தில்தான்.

"மடிக்கத்தான் வந்தேன் அண்ணி," என்றேன். "ஆனா நான் பண்ணல. வந்து பாக்கறேன், இப்படிக் கீது."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். எங்கள் குடும்பத்துக்கு வந்த நாள் முதல் என் பொய்யெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மெதுவாகப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கல்லை எடுத்துப் புடவை முந்தானையில் துடைத்தாள். "சொல்லிட்டாரு," என்றாள். அவ்வளவுதான். பிறகு அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. வெயில் சாய்ந்தது, மலைப் படிகளில் குரங்குகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

சாப்பிடாமலேயே பையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். அக்கா சமையற்கட்டு வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். பழக்க தோஷம், "வரோம்க்கா" என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்த அந்தக் கதவு வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. அண்ணி அதைத் தாண்டிப் போய் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினாள். மாமல்லபுரத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் கடல் தெரிகிற பக்கத்து ஜன்னலைப் பிடித்தாள். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் தண்ணீர் தெரிந்தபோதெல்லாம் பார்த்தாள். மடியில் அந்தக் கல் இருந்தது.

கேளம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வீட்டு வாசல் வரை போனேன். நானும் இருக்கட்டுமா என்றதற்கு, "வேணாம் பாப்பா. வூட்ல உன் பசங்க தேடும், நீ போ," என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் படியில் இறங்காமல் நின்றேன். உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கதவருகே வந்தது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. எவ்வளவு வருஷம் எவ்வளவு கெஞ்சினேன் அந்தச் சத்தத்துக்காக. அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அவனிடம் சாவி இல்லையே.